சின்னப் பிள்ளைக்கு என்ன வாங்கிட்டுப் போறது?

இந்த மாதப் பாடம்



தை பிறந்துவிட்டால் நமக்கு விசேஷ வீடுகள்தான். காதுகுத்து, மொட்டை, முதல் பிறந்தநாள் என்று வாரம் ஒரு பத்திரிகை வந்துவிடும். மொய் எவ்வளவு எழுதுவது என்பது நமக்குத் தெரியும், அதற்கு வீட்டில் நோட்டு இருக்கிறது. ஆனால் "பிள்ளைக்குக் கையில என்ன கொண்டு போறது?" என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் பஸ் ஸ்டாண்டுக் கடையில்தான் கிடைக்கிறது. பஸ் வருவதற்குள் ஒரு பொம்மைப் பெட்டியை எடுத்து, பளபளப்புத் தாளைச் சுற்றச் சொல்லி, ஏறிவிடுகிறோம். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அதை ஒன்றரை வயசுப் பிள்ளை என்ன செய்யும் என்று பார்க்க நேரம் இருப்பதில்லை.

இந்தப் பாடத்தில் ஒரு வயது முதல் மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசுவோம். நாலு வயசுப் பிள்ளைக்குச் சரியாக இருப்பது இவர்களுக்குச் சரியாக இருக்காது. ஏனென்றால் இந்த வயதில் பிள்ளைக்குக் கையைவிட வாய்தான் பெரிய கருவி. எது கிடைத்தாலும் வாய்க்குப் போகும். கடிக்கும், சப்பும், தரையில் அடிக்கும், திரும்ப எடுத்து மறுபடி சப்பும். பொம்மை வாங்குகிறவர் இதை மனதில் வைத்துத்தான் கடைக்குள் நுழைய வேண்டும்.

பிளாஸ்டிக் ஏன் வேண்டாம் என்கிறோம்

பிளாஸ்டிக் எல்லாமே விஷம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் குடத்தையும் வாளியையும் எங்கே வைப்பது? பிரச்சினை மலிவான பொம்மைகளில்தான். அழுத்தினால் அமுங்குகிற, ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கிற பொம்மைகள் பல பி.வி.சி. என்ற வகைப் பிளாஸ்டிக்கால் செய்யப்படுகின்றன. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயும் பி.வி.சி.தான். குழாய் விறைப்பாக இருக்கிறது, பொம்மை மட்டும் எப்படி மெத்தென்று இருக்கிறது? அதை இளக்குவதற்குத் தாலேட் என்ற ரசாயனங்களைக் கலக்கிறார்கள். அவை பிளாஸ்டிக்கோடு கெட்டியாக ஒட்டிக்கொள்வதில்லை. பிள்ளை சப்பச் சப்ப எச்சிலோடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். உடம்பின் ஹார்மோன்களைக் குழப்பும் என்பதால் பொம்மைகளில் இவற்றுக்கு நம் நாட்டிலும் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது சாயம். மலிவான வண்ணங்களில் ஈயம் இருக்கலாம். ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே ஈயம் பெரியவர் வயிற்றுக்குள் போனால் உடம்பில் சேர்வதைவிட, சின்னப் பிள்ளை உடம்பில் நாலைந்து மடங்கு அதிகமாகச் சேரும். வீட்டுக்கு அடிக்கிற பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி போட்டது, 2017 நவம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் திருவிழாக் கடையில் பெயரில்லாமல் விற்கிற பொம்மைக்கு எந்தச் சாயம் அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

2019-ல் இந்தியத் தரக் கவுன்சில் டெல்லிப் பகுதிக் கடைகளில் 121 வகைப் பொம்மைகளை வாங்கிச் சோதித்தது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. அதற்குப் பிறகுதான் அரசு 2020-ல் ஓர் ஆணை பிறப்பித்தது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மை எதுவானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. ஆகவே பிளாஸ்டிக் பொம்மையே வாங்க வேண்டிய கட்டாயம் வந்தால்கூட, பெட்டியில் அந்த முத்திரையைத் தேடுங்கள். அதன் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். வீட்டில் செல்போன் வைத்திருக்கும் பிள்ளைகளிடம் சொன்னால், பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டு உண்மையா என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

காசுக் கணக்கும் இருக்கிறது. சாவி கொடுத்தால் ஓடுகிற கார், பொத்தானை அமுக்கினால் பாடுகிற போன் எல்லாம் முதல் நாள் வீடே வேடிக்கை பார்க்கும். நாலாம் நாள் சக்கரம் கழன்றுவிடும். பத்தாம் நாள் குப்பையில் கிடக்கும். அது மக்காது. மாடு தின்னும், இல்லையென்றால் யாராவது கொளுத்துவார்கள். பி.வி.சி.யைக் கொளுத்தினால் வரும் புகையில் டையாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. வெந்நீர் அடுப்பில் பழைய பொம்மையைப் போட்டு எரிக்கிற பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற நாம்தான்.

தொண்டை அளவு

ரசாயனம் மெதுவாகத்தான் வேலை செய்யும். தொண்டையில் அடைப்பது நாலு நிமிஷத்தில் உயிரை எடுத்துவிடும். அதனால் இதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொம்மையைச் சோதிக்க ஒரு சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் வாய் அகலம் 31.7 மில்லிமீட்டர். பொம்மையோ, அதிலிருந்து கழன்று வரும் துண்டோ அந்தக் குழாய்க்குள் முழுதாக அடங்கிவிட்டால் அது இந்த வயதுக்கு ஆகாது. நம் கையில் அந்தக் குழாய் இல்லை. ஆனால் பத்து ரூபாய் நாணயம் இருக்கிறது, அதன் அகலம் 27 மில்லிமீட்டர். குழாயின் வாய் அதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஆக, நாணய அளவில் உள்ளதும் அதைவிடச் சற்றே பெரியதும்கூட ஆபத்துதான். நமக்குச் சுலபமான கணக்கு இரண்டு அங்குலம். பொம்மையின் எந்தத் துண்டும் எந்தப் பக்கமும் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் பயமில்லை.

கரடிப் பொம்மையின் கண், சட்டைப் பொத்தான், காரின் சக்கரம், கொலுசில் தொங்கும் முத்து இவற்றையெல்லாம் விரலால் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். உங்கள் இழுப்புக்கு ஆடினால் பிள்ளையின் பல்லுக்குக் கழன்றுவிடும். கயிறு கட்டி இழுக்கிற பொம்மையில் கயிறு ஒரு சாணுக்கு மேல் இருக்க வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். இதே காரணத்துக்காகத்தான் தூங்கும்போது கழுத்தில் பாசிமணியும் தாயத்துக் கயிறும் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். திருஷ்டிக்குக் கட்டியே ஆக வேண்டும் என்று ஆச்சி சொன்னால், விழித்திருக்கும்போது மட்டும் கட்டிவிட்டுத் தூங்கும் முன் கழற்றி வைப்பதில் யாருக்கும் வருத்தம் இருக்காது.

வெளிச்சம் போடுகிற, பாட்டுப் பாடுகிற பொம்மைகளில் சட்டைப் பொத்தான் மாதிரி வட்டமான சின்ன பேட்டரி இருக்கும். பிள்ளை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டே மணி நேரத்தில் அந்த இடத்தைப் பொசுக்கிவிடும். அழவேண்டும் என்றுகூட இல்லை, எச்சில் ஒழுகும், சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான் தெரியும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே வாழைப்பழம் கொடுத்து, காலையில் வெளியே போகுதான்னு பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிறந்தநாள் வீட்டில் கட்டுகிற பலூனையும் சொல்லிவிடுகிறோம். பலூன் பிளாஸ்டிக் இல்லை, ரப்பர்தான். ஆனாலும் உடைந்த பலூன் துண்டு தொண்டையில் போய் மூடி மாதிரி ஒட்டிக்கொள்ளும், எடுக்கவே வராது. விசேஷம் முடிந்ததும் தரையில் கிடக்கிற துண்டுகளைக் கூட்டிப் பெருக்கின பிறகுதான் பிள்ளையை இறக்கிவிட வேண்டும். காகிதத் தோரணமும் மாவிலையும் கட்டினால் இந்த வேலையே இல்லை.

தொண்டையில் அடைத்துவிட்டால் என்ன செய்வது? பிள்ளை பலமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வராமல் முகம் நீலம் பாய்ந்தால், பிள்ளையைக் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை தட்ட வேண்டும். வரவில்லையென்றால், பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே கையை வைத்து, உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். மாறி மாறிச் செய்துகொண்டே 108-க்குச் சொல்ல வேண்டும். ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு வயிற்றில் அழுத்தவே கூடாது. அதற்கு முறை வேறு. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவவும் கூடாது, இன்னும் உள்ளே போய்விடும். படித்தால் மட்டும் இது கைக்கு வராது. உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரை ஒரு கூட்டத்துக்கு அழைத்து, தலையணையை வைத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

இயற்கைப் பொருள் என்றாலே நல்லதா?

"மரம், ஓலைன்னா பயமில்ல" என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

பனை ஓலைக் கிலுக்கு நம் பக்கத்தில் எவ்வளவு அழகாகச் செய்கிறார்கள்! திருச்செந்தூர் போனால் வாங்காமல் வருவதில்லை. பனை ஓலை வேலைக்குத் தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு பேர் போன ஊர். கிலுக்கைக் கையில் எடுத்தால் முதலில் கேட்க வேண்டியது, "உள்ளே என்ன போட்டிருக்கீங்க?" என்பதுதான். சிறு கல் போடுவார்கள், விதையும் போடுவார்கள். அந்த விதை குண்டுமணியாக இருந்தால் வேண்டவே வேண்டாம். சிவப்பில் கருப்புப் பொட்டு வைத்த அந்த மணி பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் ஓடு உடைந்தோ கடிபட்டோ வயிற்றுக்குள் போனால் கொடிய விஷம். ஆமணக்கு விதையும் அப்படித்தான். மண் பொம்மைக்கும் பிள்ளையாருக்கும் குண்டுமணியில் கண் வைப்பது நம் வழக்கம், அவை பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். ஓலை பிரிந்து உள்ளே இருப்பது கொட்டினால் கல்லும் தொண்டைக்கு ஆபத்துதான். ஆகவே கிலுக்கைப் பெரியவர் கையில் வைத்து ஆட்டிக் காட்டலாம், பிள்ளையிடம் தனியாகக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகக் கூடாது.

அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் நமக்குப் பெருமை. மரத்தைக் கடைசல் பிடித்து, அரக்கு வண்ணம் ஏற்றி, குட்டி உரல், அம்மி, குடம், அடுப்பு என்று ஒரு குடும்பத்துக்கே சாமான் செய்துவிடுகிறார்கள். ஆனால் அதில் பாதிச் சாமான் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சின்னது. அது மூன்று வயது தாண்டிய பிள்ளைக்கு. தங்கச்சிப் பாப்பாவுக்கு என்று வாங்கி, அக்காக்காரி விளையாடட்டும் என்று கொடுத்தாலும், தரையில் கிடப்பது தங்கச்சி வாய்க்குத்தான் போகும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் பார்க்கத்தான், சப்புவதற்கு இல்லை.

கைக்குழந்தைக்கு வசம்பைக் கோத்து வளையலாகப் போடுகிறோம், பிள்ளை அதைச் சப்பிக்கொண்டே கிடக்கும். வசம்பை உரைத்து ஊற்றுவதையும் சப்பக் கொடுப்பதையும் டாக்டர்கள் இப்போது வேண்டாம் என்கிறார்கள். பரிசுக்கு அது வேண்டாம்.

எதைத்தான் வாங்குவது

இந்த வயதுப் பிள்ளை எப்படி விளையாடுகிறது என்று பாருங்கள். ஒரு பாத்திரத்தில் போடும், கொட்டும், மறுபடி போடும். ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கும், தட்டிவிடும். தள்ளிக்கொண்டே நடக்கும். பெரியவர் செய்வதைச் செய்யும். இந்த நாலுக்கும் ஏற்ற பொருள் என்றால் பிள்ளை அதை மாசக்கணக்கில் விடாது. பொத்தானை அமுக்கினால் பாடுகிற பொம்மையில் பொம்மைதான் விளையாடுகிறது, பிள்ளை சும்மா பார்க்கிறது. செல்போனும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னபடி ஒரு வயசுப் பிள்ளைக்கு டி.வி., செல்போன் எதுவும் வேண்டாம். இரண்டு வயதிலிருந்து நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது.

நம் கணக்கில் முதல் இடம் நடைவண்டிக்குத்தான். மூன்று சக்கரம், ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். சுவரைப் பிடித்து எழுந்து நிற்கிற பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் தானே தள்ளிக்கொண்டு நடக்கும். ஆசாரியிடம் சொல்லிச் செய்தால் அடுத்த பிள்ளைக்கு, அண்ணன் பிள்ளைக்கு, பேரப்பிள்ளைக்கு என்று வரும். அடிப்பக்கம் அகலமாக இருக்கட்டும், கைப்பிடியில் சிலாம்பு இல்லாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். படி, கிணற்றடி, சரிவான முற்றம் இருக்கிற இடத்தில் ஓட்டவிடாதீர்கள். நடுவில் உட்கார வைத்துச் சக்கரத்தில் உருட்டுகிற பிளாஸ்டிக் வாக்கர் என்று ஒன்று கடையில் விற்கிறது. அது வேறு, நடைவண்டி வேறு. வாக்கரில் பிள்ளை கவிழ்ந்தும் படியில் உருண்டும் நிறையக் காயம் பட்டதால் கனடா நாட்டில் 2004-லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள். நடக்கச் சீக்கிரம் வரும் என்பதும் உண்மை இல்லை.

அடுத்து, மரக்கட்டைகள். தச்சுப் பட்டறையில் வேம்பு, பூவரசு, தேக்குத் துண்டுகள் மிச்சம் கிடக்கும். இரண்டரை அங்குலச் சதுரமாக எட்டோ பத்தோ அறுத்து, முனைகளை உருட்டி, உப்புத்தாள் போட்டு, தேங்காய் எண்ணெய் தேய்த்து வெயிலில் வைத்தால் போதும். வார்னிஷ், பெயின்ட் எதுவும் தேவையில்லை. பிளைவுட் துண்டு மட்டும் வேண்டாம், பசையும் இருக்கும், சிலாம்பும் ஏறும். கட்டைகளை ஓர் ஓலைப் பெட்டியில் போட்டுக் கொடுங்கள். பிள்ளைக்குக் கட்டையைவிடப் பெட்டிதான் பிடித்துப்போகும் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறோம்.

கடையில் வாங்குவதென்றால் சென்னபட்டணம் பொம்மை கிடைக்கும். பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் இருக்கிற ஊர் அது. நம் காட்டில் வெட்பாலை என்று சொல்கிறோமே, பெரும்பாலும் அந்த மரத்தில்தான் செய்கிறார்கள். மரம் பட்டறையில் சுற்றும்போதே அரக்குக் குச்சியை வைத்து அழுத்துவார்கள். உரசுகிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறிவிடும். பிறகு தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு வரும். ஆந்திராவின் ஏட்டிகொப்பாக்காவிலும் இதே மாதிரி வேலை நடக்கிறது. அங்கே மஞ்சள் போன்ற இயற்கைச் சாயங்களை அரக்கில் கலக்கும் முறையை மீட்டெடுத்தவர் சி.வி.ராஜு, அவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் இதே சாயலில் வேறு பெயின்ட் அடித்த பொம்மைகளும் விற்கின்றன. ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பொம்மையை அழுத்தித் துடையுங்கள். சாயம் துணியில் ஒட்டினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்து பெயின்ட் வாடை அடித்தாலும் அப்படியே.

சாயமே பூசாத மரப்பாச்சி கிடைத்தால் இன்னும் நல்லது. எவர்சில்வர் கிண்ணமும் டம்ளரும் நமக்குப் புதிதில்லை. ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மாதிரி நாலு அளவில் வாங்கி, விளிம்பு மடித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து, பிள்ளை பேரை வெட்டிக் கொடுங்கள். இன்றைக்கு அடுக்கி விளையாடும், மூன்று வயதில் அதில்தான் சாப்பிடும். பருத்திச் சட்டை, பழைய சேலையில் தைத்த விரிப்பு, பத்தமடைக் கோரைப் பாயில் சின்ன அளவு எல்லாம் நல்ல பரிசுதான்.

புத்தகம் கொடுத்தால் கிழித்துவிடுமே என்பார்கள். கிழிக்கத்தான் செய்யும். கெட்டி அட்டைப் படப் புத்தகம் என்றால் தாங்கும். நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ், சென்னையில் உள்ள தூலிகா இவர்களெல்லாம் தமிழில் சின்னப் பிள்ளைகளுக்குப் படப் புத்தகம் போடுகிறார்கள். மடியில் உட்கார வைத்து மாடு, கோழி என்று காட்டினால் போதும், எழுத்துத் தெரியாத ஆச்சியும் காட்டலாம்.

நாமே தைக்கும் துணிப் பொம்மை

தையல் மிஷின் இருக்கிற உறுப்பினர் குழுவுக்கு ஒருவராவது இருப்பார். காடாத் துணியை முதலில் ஊற வைத்து, துவைத்து, கஞ்சி போகக் காய வையுங்கள். இல்லையென்றால் பின்னால் சுருங்கித் தையல் விட்டுவிடும். பிள்ளையின் கைக்கு அடங்குகிற மாதிரி ஒரு சாண் நீளத்தில் பொம்மையோ யானையோ வெட்டி, உட்புறம் இரண்டு முறை நெருக்கமாகத் தையுங்கள். உள்ளே அடைக்க தையல் கடை வெட்டுத்துணியைப் பொடியாக நறுக்கிப் போடலாம், இலவம் பஞ்சும் போடலாம். எருக்கம் பஞ்சு வேண்டாம், அந்தச் செடியின் பால் கண்ணுக்கு ஆகாது. தெர்மாகோல் உருண்டையும் வேண்டாம். கண், மூக்கு எல்லாம் நூலால் பின்னுங்கள். பொத்தான், மணி, சம்க்கி எதுவும் வேண்டாம். முடிக்கு நூல் வைத்தால் பிள்ளை பிய்த்துத் தின்னும், கருப்புத் துணியில் கொண்டை வைத்துத் தைத்துவிடுங்கள். கை, காலைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். தாங்கினால் பொம்மை தயார். வாரம் ஒரு முறை துவைத்து நல்ல வெயிலில் காய வைக்கச் சொல்லிக் கொடுங்கள். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையின் தொட்டிலில் இதைப் போட்டுத் தூங்க வைக்கக் கூடாது, முகத்தில் விழுந்தால் மூச்சு முட்டும்.

சொந்தத்துக்குக் கொடுக்க இப்படித் தைப்பதில் தடை எதுவும் இல்லை. "இதையே குழுவா தச்சு வித்தா என்ன?" என்று கேட்பீர்கள். விற்பதென்றால் முன்னால் சொன்ன 2020-ம் வருஷத்து ஆணை நமக்கும் பொருந்தும். துணிப் பொம்மைக்கும் மரப் பொம்மைக்கும்கூட ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொருளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருளை அதற்கென்று பதிவு செய்தவர்கள் விற்பதற்கும் விலக்கு உண்டு. பதிவு செய்த கைவினைஞருக்கு பெஹச்சான் என்ற அடையாள அட்டை தருவார்கள். கடன் வாங்கித் துணி எடுத்துக் குவிப்பதற்கு முன்னால் மாவட்டத் தொழில் மையத்தில் போய் இதைக் கேட்டுவிடுங்கள். தைத்து முடித்து, கண்காட்சியில் கடை போட்ட பிறகு தெரிந்தால் கடன் நம் தலையில் நிற்கும்.

பெட்டி பெரிதாக இருந்தால்தான் மதிப்பா?

உண்மையான சிக்கல் இதுதான். விசேஷ வீட்டில் நாலு பேர் பார்க்கிற இடத்தில் பெரிய பெட்டியைக் கொடுத்தால்தான் கௌரவம் என்று நினைப்பு. தாய்மாமன் வீட்டுச் சீர் என்றால் கேட்கவே வேண்டாம். மரக்கட்டையைக் கொண்டு போனால், "என்ன மதினி, விறகு கொண்டாந்திருக்கீக?" என்று ஒருத்தி கேட்பாள். சிரித்துக்கொண்டே, "ஒன் மகன் கடிச்சா சாயம் போகாத விறகு மதினி" என்று சொல்லிவிட வேண்டியதுதான். கேலி ஒரு நாள்தான் நிற்கும்.

இதற்குக் குழு ஒரு வழி செய்யலாம். ஆளுக்கு நூறு ரூபாய்க்கு நூறு ரூபாயாகப் பன்னிரண்டு பேர் பன்னிரண்டு பிளாஸ்டிக் பொம்மை வாங்கினால், அந்த வீட்டில் பன்னிரண்டும் ஒரு மாதத்தில் குப்பை. அதே பன்னிரண்டு பேரும் சேர்த்தால் 1,200 ரூபாய். பிள்ளையைப் பெற்றவளிடமே முன்கூட்டிக் கேட்டு, அவளுக்கு எது தேவையோ அதைச் சேர்ந்து வாங்கலாம். பெண் பிள்ளை என்றால் தபால் ஆபீசில் செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பெற்றோர் தொடங்கச் செய்து, அதில் போடச் சொல்லலாம். 2015-ல் வந்த திட்டம் அது. பத்து வயதுக்குள் உள்ள பெண் பிள்ளையின் பெயரில் தொடங்க வேண்டும், வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்ட வேண்டும். அதாவது அந்த 1,200 ரூபாயை வருஷத்துக்கு 250 ரூபாயாகப் பிரித்துக் கட்டினால், கணக்கை நாலு வருஷத்துக்கு உயிரோடு வைத்திருக்கப் போதும். ஒரே ஒரு பிளாஸ்டிக் காரும் வேண்டியிருக்காது. ஆண் பிள்ளை என்றாலும் தபால் ஆபீசில் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். வீட்டில் இடம் இருந்தால் ஒரு தென்னங்கன்றும் சேர்த்துக் கொடுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். பிள்ளைக்குப் பரிசு வாங்கக் குழுவில் கடன் கேட்காதீர்கள். கேட்டால் கொடுக்கவும் வேண்டாம். இருப்பதில் கொடுப்போம்.

எதைக் கொடுத்தாலும் பளபளப்புத் தாளைச் சுற்ற வேண்டாம். அதுவும் பிளாஸ்டிக்தான். பிள்ளை முதலில் வாயில் வைப்பதே அந்தத் தாளைத்தான். மஞ்சப்பையில் போட்டுக் கொடுங்கள், அல்லது ஒரு பருத்தித் துண்டில் சுற்றிக் கொடுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்ற இயக்கத்தையும் அரசே தொடங்கியது. அதனால் மஞ்சப்பையோடு போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொம்மைகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும் தூக்கி எறிந்தால் குப்பைதான் கூடும். விறைப்பான, உடையாத, வாடை இல்லாத பொம்மை இருந்துவிட்டுப் போகட்டும். உடைந்து கூராக இருப்பது, பிசுபிசுப்பாக இளகியிருப்பது, சாயம் உரிவது, பேட்டரி மூடி திருகாணி இல்லாமல் சும்மா திறப்பது இந்த நாலையும் எடுத்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்து, எல்லாவற்றையும் தூய்மைக் காவலர் வரும்போது மக்காத குப்பையில் கொடுத்துவிடுங்கள். அடுப்பில் போடாதீர்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு

ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பொம்மை கொண்டு வாருங்கள். குழுத் தலைவி ஒரு பத்து ரூபாய் நாணயமும், ஓர் ஈர வெள்ளைத் துணியும், ஓர் அளவு நாடாவும் எடுத்து வைக்கட்டும். துணியால் துடைத்துப் பாருங்கள், கண்ணையும் சக்கரத்தையும் இழுத்துப் பாருங்கள், கழன்ற துண்டை நாணயத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை பொம்மை தேறியது, எத்தனை தேறவில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஊக்குநர் வழியாகக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். உங்கள் ஊரில் நடைவண்டி செய்யும் ஆசாரி, ஓலைப் பெட்டி முடையும் உறுப்பினர் யாராவது இருந்தால் அவர்களிடம் கேட்டுக்கொண்டு பெயரும் ஊரும் எழுதுங்கள். வரும் இதழில் பட்டியல் போடுகிறோம்.